இரண்டு சந்தனங்களும் 30,980 ரூபாயும்

வீட்டுக்குப் பெயின்ட் அடித்தால் பணம் எங்கெல்லாம் போகும் என்று கேட்டால் பட்டி, கூலி, சாரம் என்று எல்லோரும் அடுக்குவார்கள். நிறம் தேர்ந்தெடுப்பதில் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதிலும் நான் தடுமாறியது பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் அல்ல. இரண்டுமே சந்தன நிறம். ஒட்டி வைத்தால்தான் இரண்டு என்றே தெரியும். தனித்தனியாகக் காட்டியபோது என் அம்மா, "இதைத்தானே இப்போது காட்டினாய்?" என்று கேட்டார். அந்த இம்மி வித்தியாசத்தில் எனக்குப் போனது 30,980 ரூபாய். கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

2023 ஜூனில் சென்னை நங்கநல்லூரில் ஒரு பழைய பிளாட்டை வாங்கினோம். பதினைந்து வருடக் கட்டடம், இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. கூடத்துக்கு வடக்கே பால்கனி, அதை உரசிக்கொண்டு ஒரு புங்க மரம். என் கணவருக்குக் கப்பலில் வேலை. பத்திரப் பதிவுக்கு வந்தவர் மறுவாரமே கிளம்பிவிட்டார், இனி அக்டோபரில்தான் வருவார். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறி வந்து பார்க்க முடியாது. நானோ காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழாகும். ஜூலை 17 ஆடி பிறக்கிறது. ஆடியில் வீடு மாற அம்மா சம்மதிக்கவே மாட்டார், அவரோடு மல்லுக்கட்ட எனக்கும் தெம்பில்லை. எப்படியாவது ஆனிக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். அதற்குள் சுவர் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் முடிய வேண்டும்.

முன்பு இருந்தவர்கள் கூடம் முழுக்க வெளிர்பச்சை அடித்திருந்தார்கள். எனக்கு அது ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. "சாண்டல் போட்டுவிடுங்கள் மேடம், அதில் தப்பே வராது" என்றார் மேஸ்திரி. முப்பது வருட அனுபவம் அவருக்கு. எனக்கும் சந்தனம்தான் மனத்தில் இருந்தது. ஆனால் கடையில் விசிறிபோல விரித்த வண்ண அட்டையில் சந்தனம் என்று சொல்லக்கூடியவை மட்டும் பதினான்கு இருந்தன. இரண்டு நாள் அலைந்து அவற்றை இரண்டாகக் குறைத்தேன். அட்டையில் இருந்த எண்கள் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒன்று சந்தனம்: கல்யாண வீட்டு வாசலில் வெள்ளிக் கிண்ணத்தில் கரைத்து வைத்திருப்பார்களே அது, மஞ்சள் கொஞ்சம் தூக்கல். மற்றது கோதுமை: சலித்த மாவின் நிறம். அதே மஞ்சள்தான், ஆனால் உள்ளே எங்கோ ஒரு பழுப்பு ஓடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் ஊசலாடினேன். அட்டைத் துண்டுகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்தில் காட்டினேன், நாத்தனாரிடம் காட்டினேன், மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம்கூடக் கேட்டேன். எல்லோரும் பார்த்தது கட்டைவிரல் அளவுள்ள அட்டையை, அதுவும் அவரவர் இருந்த இடத்து வெளிச்சத்தில். கணவருக்குப் புகைப்படம் அனுப்பினேன். ஒரு படத்தில் இரண்டும் ஒரே நிறம், அடுத்த படத்தில் கோதுமை ரோஜா நிறமாகத் தெரிந்தது. கைப்பேசிக் கேமரா எதை வெள்ளையென்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் படத்துக்குப் படம் தானாகவே முடிவு செய்துகொள்கிறது. வீடியோ அழைப்பில் இன்னும் மோசம், சுவரில் என் கை குறுக்கே போனாலே நிறம் மாறும். அவர் நடுக்கடலிலிருந்து "இடது பக்கம் இருப்பது" என்றார். மறுநாள் அட்டைகளை இடம் மாற்றிக் காட்டினேன், அப்போதும் "இடது பக்கம்தான்" என்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கைப்பேசியில் நிறம் பார்ப்பது பூவின் வாசனையைத் தொலைபேசியில் கேட்பது மாதிரி. ஊரில் இல்லாதவரிடம் நிறத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்காதீர்கள், பட்ஜெட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கடைசியில் என்னைச் சந்தனத்தின் பக்கம் தள்ளியது படிப்பு. உள் அலங்காரம் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: வடக்கு பார்த்த அறைக்குள் வரும் வெளிச்சம் நீலமாக, குளிர்ச்சியாக இருக்கும், அங்கே மஞ்சள் தூக்கலான நிறத்தை அடித்து ஈடுகட்டுங்கள். என் கூடம் வடக்கு. போதாதா? தீர்ந்தது குழப்பம் என்று சந்தனத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். அது குளிர் நாட்டு வீட்டுக்கான அறிவுரை என்பது அப்போது உறைக்கவில்லை. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்து போகிறது. சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் நடு வரைக்கும் நம் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கேதான் கடக்கிறது. ஜூன், ஜூலையில் என் வடக்குப் பால்கனியில் காலை எட்டு மணிக்குச் சாய்வாக வெயில் விழுந்து கூடத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது. நான் தினமும் அந்த வெயிலில் நின்றுதான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, கட்டுரையில் படித்ததை நம்பியிருக்கிறேன்.

பெயின்ட் எவ்வளவு என்று கேட்டதற்கு மேஸ்திரி, "இருபது லிட்டர் வாளி எடுத்துவிடுங்கள், பற்றாமல் போய் மறுபடி கலந்தால் நிறம் மாறும்" என்றார். நிறம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் வாளியின் மேல் லிட்டருக்கு இரண்டு கோட்டிங்குக்கு 120 முதல் 140 சதுர அடி என்று அச்சிட்டிருந்தது. என் வீட்டுச் சுவர்கள், கதவு ஜன்னல் கழித்தால், ஏறக்குறைய 1,270 சதுர அடி. பதினொரு லிட்டர் போதும். டேப்பை எடுத்து அளந்திருந்தால் பத்து நிமிட வேலை. நான் அளக்கவில்லை. 7,600 ரூபாய்க்கு இருபது லிட்டர் வந்து இறங்கியது.

ஜூலை 5, புதன்கிழமை ஆரம்பித்தார்கள். அன்று மாலை போய்ப் பார்த்தபோது கூடத்தில் பாதி ஈரம். வெளுப்பாக, பாலாடை மாதிரி அழகாக இருந்தது. எமல்ஷன் என்னும் இந்தச் சுவர்ப் பெயின்ட் ஈரத்தில் வெளுத்துத் தெரியும், காய்ந்த பிறகுதான் அழுத்தம் ஏறும் என்பதும் எனக்குப் புதுச் செய்தி. நிம்மதியாக வீடு திரும்பினேன். வியாழக்கிழமை அலுவலகத்தில் தணிக்கை, போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு போனேன். கூடமும் நடைபாதையும் இரண்டு கோட்டிங் முடிந்துவிட்டன, படுக்கையறைகள் ஒரு கோட்டிங். ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். டியூப் லைட்டைப் போட்டேன்.

எனக்கு முதலில் தெரிந்தது சுவர் அல்ல. சுவிட்ச் பெட்டி. புதிதாக மாற்றிய வெள்ளை சுவிட்ச் பெட்டி இலேசான ஊதா நிறத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைக் கூரையும் நீலம் போட்டு வெளுத்தது போல இருந்தது. ஏதோ தவறான பெட்டியைப் பொருத்திவிட்டார்கள் என்று நினைத்துக் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். வெள்ளைதான். சுற்றியிருக்கும் மஞ்சள் அவ்வளவு கடுமையாக இருந்ததால் கண் வெள்ளையை எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது. அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். அட்டையில் இருந்த சந்தனம் அங்கே இல்லை. நறுக்கி இரண்டு நாள் கிடந்த எலுமிச்சைத் தோல் நிறம், மூலைகளில் பச்சை ஓடிய மஞ்சள். பால்கனிக் கதவோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பெயின்டுக்காக அழுவார்களா என்று கேட்டால், அன்றைக்கு நான் அழுதேன். இருபது வருடத் தவணைக் கடனில் வாங்கிய வீடு, முதல்முறையாக விளக்குப் போட்டுப் பார்க்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் சுவரின் புகைப்படத்தைப் பார்த்த அம்மா, "காமாலை கண்ணுக்கு வரும் என்பார்கள், சுவருக்கும் வருமா?" என்றார். கேமராவிலேயே அப்படித் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆனது என்பது பின்னால் ஒவ்வொன்றாகப் புரிந்தது. முதல் காரணம், பரப்பு. கட்டைவிரல் அட்டையில் மெல்லியதாகத் தெரியும் நிறம் சுவரளவுக்கு விரிந்தால் பல மடங்கு அழுத்தமாகத் தெரியும். அதோடு, நான்கு சுவரும் ஒரே மஞ்சள் என்றால் ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் மஞ்சளாகி எதிர்ச்சுவரில் விழும், அங்கிருந்து இன்னும் மஞ்சளாகித் திரும்பும். மூலைகளில் நிறம் முற்றியிருப்பது இதனால்தான். இரண்டாவது, விளக்கு. நம் வீடுகளில் கடைக்காரர் கேட்காமலே எடுத்துத் தரும் எல்.இ.டி. டியூப்பின் பெட்டியில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்) என்று போட்டிருக்கும். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் அது, மஞ்சள் சுவரில் விழுந்தால் பச்சை வாடை அடிக்கும். மூன்றாவது, புங்க மரம். பகலில் இலைகளில் பட்டு உள்ளே வரும் வெளிச்சமே பச்சை. நான்காவதாகத் தரை. 2008-இல் போட்ட ஐவரி டைல்ஸ், இலேசாக ரோஜா ஓடுவது. பச்சை ஓடும் மஞ்சளுக்குக் கீழே அது அழுக்காகத் தெரிந்தது. நான் அட்டையை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன், சுவரில் வைத்துப் பார்த்தேன், ஒருமுறைகூடத் தரையில் வைத்துப் பார்க்கவில்லை. சுவரை மாற்றலாம், தரையை மாற்ற முடியுமா? மாற்ற முடியாத தரை, கதவு, பெரிய சோபா ஆகியவற்றோடுதான் அட்டையை முதலில் உட்கார வைக்க வேண்டும்.

சனிக்கிழமை கடைக்கு ஓடினேன். கலந்த பெயின்டைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். எந்தக் கடையிலும் அப்படித்தான், ரசீதிலேயே எழுதியிருக்கிறது. மீதியில் ஏதாவது சேர்த்துக் கோதுமையாக்கித் தர முடியுமா என்று கேட்டேன். "சேர்க்கலாம் மேடம், எடுக்க முடியாதே. சேர்க்கச் சேர்க்க இன்னும் அழுத்தமாகும்" என்றார் இயந்திரத்தில் நின்ற பையன். அவன்தான் எனக்கு ஒரு பெரிய உதவி செய்தான். இரண்டு நிறங்களின் கலவைக் குறிப்பையும் திரையில் காட்டினான். இரண்டிலும் அடிப்படை வெள்ளை பெயின்ட்தான். மஞ்சள் ஆக்சைடு என்ற நிறமி கிட்டத்தட்ட ஒரே அளவு. கோதுமையில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஆக்சைடும் அதைவிடக் கொஞ்சமாகக் கறுப்பும். அவ்வளவுதான். அந்தச் சிவப்புத் துளிதான் பச்சையைத் தடுக்கிறது, அந்தக் கறுப்புத் துளிதான் மஞ்சளைக் கத்தாமல் அடக்குகிறது. மூன்று வாரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடிய வித்தியாசம் ஒரு நிமிடத்தில் திரையில் தெரிந்துவிட்டது. ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நிறங்களுக்கு நடுவே நீங்கள் மாட்டிக்கொண்டால், அவற்றின் கலவையில் மஞ்சளைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கடையில் கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் சொல்கிறார்கள்.

மறுபடி அடிப்பதற்கு முன் விளக்கை மாற்றிப் பார் என்று அலுவலகத் தோழி சொன்னாள். 3000 கெல்வின் டியூப் போட்டேன். பச்சை மறைந்தது, கூடம் ஆரஞ்சுக்குத் தாவியது. 4000 போட்டேன். பெருமளவு சரியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், முதல் நாளே 4000 போட்டிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன், ஒருவேளை அப்படியே விட்டிருப்பேன். ஆனால் பகலில் புங்க மரத்தின் பச்சைக்கு விளக்கால் என்ன செய்ய முடியும்? மறுபடி அடிப்பதாக முடிவு செய்தேன். விளக்குகளுக்குச் செலவு 1,450 ரூபாய். இதே தவிப்பில் இருப்பவர்கள் பெயின்ட் வாளியைத் தூக்குவதற்கு முன் முந்நூறு ரூபாய் டியூப் ஒன்றை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

இதற்குள் மேஸ்திரியின் ஆட்கள் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள், பத்து நாள் கழித்துத்தான் வருவார்களாம். ஆனி கைவிட்டுப் போனது. வாடகை வீட்டுக்காரர் நல்லவர், ஆகஸ்ட் கடைசி வரை இருந்துகொள்ளுங்கள் என்றார். ஆனால் நல்லவரும் வாடகை வாங்குவார்: 19,000 ரூபாய். அவசரத்தில் தப்பு நேர்ந்தது என்று இதைச் சொல்ல மாட்டேன். எனக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தையும் ஆட்களிடம் கேட்பதில் செலவழித்தேன், சுவரிடம் கேட்க ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

ஆடி முழுக்க நேரம் கிடைத்ததால் இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். கோதுமையில் ஒரு லிட்டர் மட்டும் கலந்து வாங்கினேன், 480 ரூபாய். சில கடைகளில் 200 மில்லி மாதிரிப் புட்டியே தருவார்கள், என் கடையில் இல்லை. ஸ்டேஷனரி கடையில் கெட்டியான மவுண்ட் அட்டை நான்கு வாங்கினேன். மெல்லிய சார்ட் தாள் வேண்டாம், பெயின்ட் பட்டதும் அப்பளமாகச் சுருண்டுவிடும். ஓரத்தில் இரண்டு விரற்கடை வெள்ளை விட்டு, கோதுமையில் இரண்டு, மீதியிருந்த சந்தனத்தில் இரண்டு என, ஒவ்வொன்றிலும் இரண்டு கோட்டிங் அடித்து ராத்திரி முழுக்கக் காய விட்டேன். அந்த வெள்ளை ஓரம் முக்கியம். அது இல்லாவிட்டால் சுவரிலுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பழைய நிறம் உள்ள சுவரில் நேரடியாக ஒரு பட்டை அடித்துப் பார்ப்பது பிரயோசனப்படாததும் இதனால்தான்.

அப்புறம் ஒரே நிறத்து அட்டைகள் இரண்டையும் அறை மூலையில் இரண்டு சுவரிலுமாக, ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்தினேன். இது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, மூலையில் முற்றியிருந்த மஞ்சள் நினைவிலிருந்து போகாததால் செய்தது. சந்தன அட்டைகள் இரண்டும் சேரும் விளிம்பில் அந்த எலுமிச்சைத் தோல் நிறம் மறுபடி எட்டிப் பார்த்தது. கோதுமை அட்டைகளில் அந்த விளிம்பு கொஞ்சம் கனிந்தது, அவ்வளவுதான். காலை எட்டு மணி, ஞாயிறு நண்பகல், மாலை ஆறு, இரவு விளக்கில் என்று ஒரு வாரம் பார்த்தேன். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதை நிறுத்தினேன். நாம் குடியிருக்கப்போவது ஒரு நிறத்தோடுதானே. ஒரு நாள் முழுக்கச் சந்தனம், மறுநாள் முழுக்கக் கோதுமை. மூன்றாவது நாளே முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் இருட்டான நடைபாதையில் கோதுமை மண்ணடித்த மாதிரி இருந்தது. அங்கே மட்டும் வெள்ளை அடிக்கலாமா என்று தோன்றியது, கதவுகள் எல்லாம் திறந்திருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்த இடம் எனக்கு அரைகுறைத் திருப்திதான்.

படுக்கையறைகளை நான் தொடவில்லை. மேற்கு ஜன்னல், மரம் கிடையாது, ராத்திரி 3000 கெல்வின் விளக்கு. அங்கே அதே சந்தனம், அதே வாளி, அதே மேஸ்திரி, பார்க்க அவ்வளவு அழகு. அம்மா தன் அறையைப் பார்த்துவிட்டு, "இதையே கூடத்துக்கும் அடித்திருக்கலாமே" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மேஸ்திரி முழுச் சுவருக்கும் மறுபடி பிரைமர் வேண்டும் என்றார். புது எமல்ஷன் மேல் அதே வகை எமல்ஷனுக்கு அது தேவையில்லை. உப்புத்தாளை இலேசாக ஓட்டித் துடைத்தால் போதும் என்று நான் பிடிவாதமாக நின்றதில் கொஞ்சம் மிஞ்சியது. கூடத்துக்கும் நடைபாதைக்கும் சேர்த்து 590 சதுர அடி, இந்த முறை நானே அளந்தேன். நான்கு லிட்டரும் ஒரு லிட்டரும் வாங்கி, மாதிரிக்கு எடுத்ததில் மிஞ்சியதையும் பெரிய வாளி ஒன்றில் கொட்டி, ஒன்றாகக் கலக்கிய பிறகுதான் ரோலரைத் தொடவிட்டேன். வெவ்வேறு டப்பாவில் கலந்தவற்றுக்குள் இலேசான வேறுபாடு இருக்கும், ஒரு சுவரின் நடுவில் டப்பா மாறினால் தெரிந்துவிடும். முதல் கோட்டிங் காய்ந்து, நான் இரவு விளக்கில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது என்று முன்பே பேசிக்கொண்டேன். முதல் தடவையே இதைச் சொல்லியிருந்தால் பாதி நஷ்டம் தப்பியிருக்கும்.

கணக்கு இதுதான்: இரண்டாம் முறை வாங்கிய பெயின்ட் 2,710, மறுபடி அடித்த கூலி இரண்டு ஆள் இரண்டு நாளுக்கு 4,400, விளக்குகள் 1,450, முதல் வாளியில் உபயோகமில்லாமல் மீந்த ஒன்பது லிட்டரின் விலை 3,420, ஒரு மாத வாடகை 19,000. பெயின்ட் என்று போனது 6,130 ரூபாய்தான், மற்றதெல்லாம் அதன் வால்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். செப்டம்பர் நடுவில் சூரியன் தெற்கே நகர்ந்து, காலை வெயில் பால்கனியை விட்டு விலகியது. கூடம் கொஞ்சம் மங்கியது, கோதுமை இன்னும் ஒரு சாயல் சாம்பலானது. அதற்கும் கண் பழகிவிட்டது. மூடியில் ஒட்டியிருந்த கலவைச் சீட்டைக் கிழித்து மின்கட்டணப் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன், கால் லிட்டர் பெயின்டைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துப் பரணில் போட்டிருக்கிறேன்.

மீந்த ஒன்பது லிட்டர் சந்தனம் இரண்டு மாதம் பால்கனியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முன் காவலாளி வந்து, "மோட்டார் ரூமுக்கு அடித்துக்கொள்ளட்டுமா அம்மா?" என்று கேட்டார். உள்சுவருக்கான பெயின்ட், வெளியே மழைக்கு நிற்காது என்று சொன்னேன். "உள்பக்கம்தான் அம்மா" என்று தூக்கிக்கொண்டு போனார். அந்த அறைக்குக் கதவு தெற்கே, எதிரே மரம் ஒன்றும் இல்லை. காலையில் மோட்டார் போட ஆள் திறக்கும்போது வெயில் நேராக உள்ளே விழுகிறது. கடையில் அட்டையில் நான் பார்த்த அதே சந்தனம்.